பாரிஸ் சாப்பிட்ட நாற்பது அப்பளம்

இன்று காலை பஸ் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. போராட்டம் என்றார்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார்கள். நமக்கென்ன, வீட்டில் இரண்டு கார் நிற்கிறது என்று மிதப்பாகச் சட்டையை மாட்டினேன். ஒரு காரை மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னொரு காரை ஓட்டுகிற டிரைவர் தினமும் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறான் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

மருமகள் போனை நாலு தட்டுத் தட்டினாள். பத்து நிமிஷத்தில் திருமங்கலத்து வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. தல்லாகுளம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். போனில் இருக்கிறது என்றான் ஓட்டுகிறவன். பழங்காநத்தம் வந்ததும் சும்மா இருக்க முடியாமல், இந்தப் பக்கம் திரும்பினால் நெரிசல் இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"மேப்பு நேராத்தான் காட்டுதுங்கய்யா."

அறுபது வருஷமாக இந்த ஊர்ச் சந்துபொந்தெல்லாம் சைக்கிள் டயரைத் தேய்த்தவன் நான். அப்பேர்ப்பட்டவனை, எந்த ஊர்க்காரி என்றே தெரியாத ஒருத்தி போனுக்குள் உட்கார்ந்துகொண்டு மதுரைக்குள் கூட்டிப் போனாள்.

மடியில் ஒரு தகர டப்பா வைத்திருந்தேன். உள்ளே நாற்பது அப்பளம். வேகத்தடையில் கார் ஏறி இறங்கும்போதெல்லாம் மூடி இடுக்கு வழியாகப் பெருங்காய வாசம் எட்டிப் பார்த்தது. பஸ் ஓடாத நாள், மடியில் டப்பா, அதில் நாற்பது அப்பளம், முன்னால் ஒரு மேப்பு. இவ்வளவும் சேர்ந்தால் எனக்குப் பாரிஸ் ஞாபகம் வராமல் என்ன செய்யும்? அதுவும் போய்க்கொண்டிருந்தது அருளானந்தத்தின் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு. என்னோடு பாரிஸுக்கு வந்தவன் அவன்தான்.

உங்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். என் அப்பளத்தைத் தெரிந்திருக்கும். மதுரையில் நாலு கல்யாணம் நடந்தால் மூன்றில் இலையில் நொறுங்குவது என் சரக்கு. நாலாவது கல்யாணக்காரர்கள் கஞ்சர்கள், அவர்களை விடுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டுப் போனது. அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நானும் அருளும் ஒரே பெஞ்சு. அவன் பெஞ்சிலிருந்து எழுந்து வாத்தியார் நாற்காலிக்குப் போனான், நான் எழுந்து சைக்கிளுக்குப் போனேன். அவன் அதே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றான். நான் பின்சீட்டில் அப்பளக் கூடையைக் கட்டிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கி, ஒரு கம்பெனி, சரக்கு அடுக்க இரண்டு கிட்டங்கி, நூறு பேருக்குச் சம்பளம் என்று ஆனேன். அவன் சாகிறவரை என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டான். சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறவனை அப்படிக் கூப்பிட ஒருத்தனாவது வேண்டும்.

வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்த காலம். பாரிஸில் உணவுப் பொருள் கண்காட்சி என்று தெரிந்ததும் இரண்டு டிக்கெட் போட்டேன், ஒன்று எனக்கு, ஒன்று அருளின் இங்கிலீஷுக்கு. அந்த ஊரில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர்களும் தெரியாத மாதிரியே நிற்பார்கள் என்று. போதாததற்கு அருளின் இங்கிலீஷில் பிழையே இருக்காது. ஒரு கேள்வியைத் தொடங்கி, மரியாதையெல்லாம் சேர்த்து, முற்றுப்புள்ளி வைப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர் தெருமுனைக்குப் போயிருப்பார்.

கண்காட்சியின் கடைசி நாள் ஒருவர் வந்தார். தாத்தா காலத்தில் புதுச்சேரியிலிருந்து போனவர்கள், ஏழெட்டு மளிகைக் கடையும் ஒரு சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தார்கள். தமிழ் நன்றாகப் பேசினார். மறுநாள் இரவு எட்டு மணிக்கு அவருடைய சாப்பாட்டுக் கடைக்கு அப்பளத்தோடு வரச் சொன்னார். தன் சட்டியில் பொரித்து, தன் வாயில் போட்டுப் பார்த்துத்தான் எதையும் வாங்குவாராம். அதற்கடுத்த நாள் காலையில் வேறு ஊர் அப்பளக்காரர் ஒருவரும் வருகிறார், இரண்டில் ஒன்றுக்குத்தான் ஆர்டர் என்றும் சொன்னார். கண்காட்சியில் வருவோர் போவோருக்கெல்லாம் வாரிக் கொடுத்ததில் என்னிடம் மிஞ்சியிருந்தது நாற்பது அப்பளம். பிரண்டைச் சாறு விட்டு, நானே பக்கத்தில் நின்று போடச் செய்த நாற்பது. பிஸ்கட் டப்பாவில் துண்டு விரித்து, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கீழமாசி வீதியில் எல்லா மொத்தக் கடைக்காரர்களிடமும் பாரிஸ் ஆர்டர் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நின்றேனா? அட்டைப் பெட்டியும் அடித்துவிட்டேன். ஒரு பக்கம் நம் கோபுரம், ஒரு பக்கம் அந்த ஊர் இரும்புக் கோபுரம், நடுவில் என் அப்பளம் சூரியன் மாதிரி. ஒரு கிட்டங்கி நிறைய அந்தப் பெட்டி எனக்காகக் காத்திருந்தது. ஆர்டர் இல்லாமல் திரும்பினால் கீழமாசி வீதிப் பக்கம் தலையைக் காட்ட முடியாது.

மறுநாள் காலை பாரிஸில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வேலைநிறுத்தம்.

நம் ஊர் வேலைநிறுத்தம் எனக்குத் தெரியும். ஒரு பஸ் கண்ணாடியாவது உடைய வேண்டும், ஒரு டீக்கடையாவது பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வியாபாரம் பண்ண வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. கோட்டுப் போட்டவர்களெல்லாம் கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, வாயில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு அமைதியாக நடந்தார்கள். போராட்டக்காரர்கள் நடுரோட்டில் அடுப்பு வைத்துக் கறி சுட்டுத் தின்றுகொண்டு மேளம் அடித்தார்கள். ஏதோ சீர் வரிசை கிளம்புகிற மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து என் கோட்டிலும் அருளின் கோட்டிலும் வட்டமாக ஆளுக்கொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாள். விருந்தாளிக்குச் சந்தனம் வைக்கிற வழக்கம் போல என்று நினைத்து நானும் கும்பிட்டேன்.

டாக்சி கிடைக்காது, நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும் என்று தங்கியிருந்த விடுதிக்காரன் சொன்னான். இரும்புக் கோபுரத்துக்குக் கிழக்கே போக வேண்டும், ஆற்றை மட்டும் தாண்டக்கூடாது. ஒரு மேப்பையும் நீட்டினான். அருள் கையை நீட்டினான். நான் தடுத்துவிட்டேன்.

"மேப்பு எதுக்குடா? கோபுரம் இருக்குல்ல. மதுரைக்காரனுக்கு அம்புட்டுப் போதும்."

சொன்னது தப்பில்லை. எங்கள் ஊரில் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று பெட்டிக்குள் பெட்டியாகத் தெரு. தலையைத் தூக்கினால் கோபுரம். எது உயரம், எது குட்டை என்று பார்த்தே தெற்கில் நிற்கிறோமா மேற்கில் நிற்கிறோமா என்று சொல்லிவிடலாம். இந்தப் படிப்பு அருள் படித்த பள்ளிக்கூடத்தில் கிடையாது.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நான் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால், அருள் பின்னால். கோபுரம் வந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஒரு பக்கம் பார்த்தேன், அடுத்த பக்கம் போய்ப் பார்த்தேன், அதற்கடுத்த பக்கமும் பார்த்தேன். நாலு பக்கமும் ஒரே முகம். இவ்வளவு இரும்பைச் செலவழித்தவன் கிழக்கு எது மேற்கு எது என்று தெரிய ஒரு பொம்மையாவது வைத்திருக்கலாம். வானத்தில் மேகம், சூரியனையும் காணோம்.

"மாப்ள, மூணு சுத்து முடிஞ்சது" என்றான் அருள். "தேங்காய் ஒடச்சுட்டுக் கிளம்புவமா?"

ஞானஸ்நானம் வாங்கியவன் என்னைக் கேட்ட கேள்வி இது. ரோஷத்தில், இதுதான் கிழக்கு என்று ஒரு திசையைக் காட்டி நடந்தேன். ஒரு பாலம் வந்தது. கீழே இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அருள் நின்றான். ஆற்றைத் தாண்டக்கூடாது என்று சொன்னானே என்றான். நான் எட்டிப் பார்த்தேன். வைகையைப் பார்த்து வளர்ந்த கண். மணல் இல்லை, மாடு மேயவில்லை, துணி காயவில்லை. இது ஆறு இல்லை, பாசனக் கால்வாய் என்று சொல்லி அவனைத் தாண்ட வைத்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் அக்கரையில் ஆற்றைத் தேடினேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. கோட்டைக் கழற்றி டப்பாவுக்குப் போர்த்தினேன். நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன், அப்பளம் நனைந்தால் களி.

ஏழு மணிக்கு மேல் அருள் பேச்சை நிறுத்தினான். அவன் பேச்சை நிறுத்துகிற ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் மழையிலும் முகத்தில் வேர்வை தனியாகத் தெரிந்தது. அவனுக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஆர்டர் ஞாபகத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. வெளிச்சம் தெரிந்த முதல் சாப்பாட்டுக் கடைக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கார அம்மா ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். சர்க்கரைக் கட்டி நாலைக் கொண்டுவந்து அவன் வாயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தான். முதல் வார்த்தை இங்கிலீஷில் நன்றி, இரண்டாவது வார்த்தை தமிழில் எனக்குத் திட்டு.

அந்தக் கடையில் பதினேழு பேர் அடைந்து கிடந்தார்கள், எல்லாம் வீட்டுக்குப் போக வண்டி இல்லாதவர்கள். சமையல்காரனுக்கும் வண்டி இல்லை, வரவில்லை. அந்த அம்மா தனியாக ஒரு சூப்பையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டு எல்லாரையும் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒரு மேஜையில் கொடி வைத்திருந்த தாடிக்காரர், போராட்டக் கட்சி. பக்கத்து மேஜையில் டை கட்டியவர், போராட்டத்தால் நடந்து நடந்து காலில் கொப்புளம் போட்ட கட்சி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரொட்டியை மென்றார்கள்.

அந்த அம்மா டப்பாவைக் காட்டி என்ன என்று கண்ணால் கேட்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, வழி விசாரித்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் என் அப்பளத்தைப் பார்த்து ஒருத்தர் என்ன என்று கேட்டு, நான் காட்டாமல் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்த அம்மாவுக்கு மட்டும் ஒன்று என்று சொல்லி அடுக்களைக்குள் நுழைந்தேன். ஒரு சட்டியில் எண்ணெயைக் காயவைத்து ஒன்றைப் போட்டேன். அப்பளம் பூத்தது. அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்தாள்.

வெளியே கொண்டுவந்து தட்டில் வைத்தபோதுதான் வினை. வாசம் முன்னாலேயே போய்விட்டது. பதினேழு பேரும் இந்தத் தட்டைப் பார்த்தார்கள். பந்தியில் ஒரு இலையில் வைத்துவிட்டு அடுத்த இலையைத் தாண்டிப் போவதற்கு எங்கள் ஊரில் பந்தி வஞ்சனை என்று பேர். அப்படிச் செய்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். நான் அந்தப் பதினேழு முகத்தையும் பார்த்தேன், டப்பாவைப் பார்த்தேன்.

"மாப்ள, வேண்டாம். எட்டு மணியாகப் போகுது. அந்தாளுக்கு என்னத்தக் காட்டுவ?"

"ஆளுக்கு ஒண்ணுதான்டா. பாத்துக்கிட்டே இருக்காங்க, எப்படிறா தாண்டிப் போறது?"

ஆளுக்கு ஒன்று வைத்தேன். ஒருவர் கத்தியும் முள்ளும் எடுத்து அப்பளத்தை அறுக்கப் பார்த்தார், அது நாலு பக்கமும் சிதறி ஓடியது. டை கட்டியவர் மேஜைக்குச் சிதறிய துண்டைத் தாடிக்காரர் எட்டி எடுக்கப் போக, அவர் இவரைப் பார்க்க, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சுவார்த்தை அங்கேயே தொடங்கிவிட்டது. கையாலே நொறுக்கி ரொட்டிக்குள் வைத்து நான் காட்டினேன். கடை முழுக்க நறுக் நறுக்கென்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்கு நிதானம் இருக்குமா? போதும் என்பதை இலையில் உட்கார்ந்தவன்தான் சொல்ல வேண்டும், பரிமாறுகிறவன் சொல்லக்கூடாது. யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவையும் சேர்த்து இரண்டாவது சுற்றும் போனேன். அருள் வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பர் எண்ணுகிற மாதிரி விரல் விட்டுக்கொண்டிருந்தான்.

"முப்பத்தாறு. நாலு இருக்கு. இனி ஒண்ணத் தொட்டீன்னா நான் உனக்கு இங்கிலீஷ் பேச மாட்டேன்."

அந்த நாலு போதும். புதுச்சேரிக்காரருக்கு ஒரு வாய் காட்ட நாலு தாராளம். மூடியைப் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, தொப்பலாக நனைந்த ஒரு குடும்பம் உள்ளே வந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள்.

நாலு பேர்.

நான் அருளைப் பார்க்கவில்லை. பார்த்தால் தடுத்திருப்பான். பொரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைக்கார அம்மா சூப்புக்குக் காசு வாங்கவில்லை. புதுச்சேரிக்காரரின் முகவரியைப் பார்த்து, கை துடைக்கிற காகிதத்தில் ஒரு மேப்பு வரைந்து கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக மேப்புப் பார்த்து நடந்தேன். முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். மணி ஒன்பதரை. அந்த ஊர்க் கோடையில் அப்போதும் வெளிச்சம் இருந்தது, நான் வெறும் டப்பாவோடு நிற்பது எல்லாருக்கும் தெரிகிற அளவுக்கு.

புதுச்சேரிக்காரர் எண்ணெயைக் காயவைத்து இறக்கி, மறுபடி காயவைத்துக் காத்திருந்தார். டப்பாவைத் திறந்தார். துண்டில் உள்ளங்கையளவு தூள் இருந்தது.

"அண்ணே, அப்பளம் எங்கே?"

"சாப்பிட்டுட்டாங்க."

"யாரு?"

"பாரிஸ்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, நன்றாகக் கவனித்தார். சாப்பிடும்போது என் கோட்டில் இருந்த ஸ்டிக்கரையும் படித்துச் சொன்னார். முதலாளிகள் லாபத்தைக் குறைத்துத் தொழிலாளிக்குக் கூலியை உயர்த்த வேண்டும் என்று இருந்ததாம். நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் மாலை முழுக்க அதை நெஞ்சில் சுமந்து பாரிஸைச் சுற்றியிருக்கிறேன். சிரிப்பெல்லாம் சிரித்தார், ஆனால் மறுநாள் காலை ஆர்டரை மற்றவருக்குத்தான் கொடுத்தார். பார்க்காத சரக்குக்கு எப்படிக் கொடுப்பார்? அந்த ஆள் மேப்புப் பார்த்து நடந்து, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாராம்.

விமானத்தில் அருளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் இதைச் சொல்லிவிடாதே என்றேன். அவன் பொய் சொல்ல மாட்டான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவன். யோசித்துவிட்டு, "பொய் சொல்ல மாட்டேன் மாப்ள. கேக்காததச் சொல்லவும் மாட்டேன்" என்றான்.

ஊரில் யாரும் கேட்கவில்லை. கிட்டங்கியில் கிடந்த அட்டைப் பெட்டியில் உள்ளூர்ச் சரக்கைப் போட்டுக் கீழமாசி வீதிக்கு அனுப்பினேன். பாரிஸுக்குப் போகிற அப்பளம் என்று மதுரை வாங்கியது. உசிலம்பட்டி வாங்கியது, விருதுநகர் வாங்கியது. பெட்டி தீர்ந்து மறுபடி அடித்தேன், இன்றும் அடித்துக்கொண்டிருக்கிறேன். பாரிஸ் கோபுரம் போட்ட பெட்டி ஒன்றுகூடப் பாரிஸ் போனதில்லை. கல்யாண வீடுகளில் நான் கதை சொல்லுவேன், நாற்பது அப்பளமும் ஒரே பந்தியில் காலி என்று. யாராவது சந்தேகமாகப் பார்த்தால் பக்கத்திலிருந்து அருள் சொல்லுவான், "ஆமா, நான் பாத்தேன்." வாத்தியார் சொன்னால் ஊர் நம்பும். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை.

இன்று தல்லாகுளத்தில் பூசை முடிந்து இலை போட்டார்கள். டப்பாவில் கொண்டுபோன நாற்பதையும் நானே பொரித்துக் கொடுத்தேன். அருளின் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, இலைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தப் பாரிஸ் கதையச் சொல்லுங்க. அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

சொன்னேன். கோபுரம், கால்வாய், மழை, சர்க்கரைக் கட்டி, பந்தி எல்லாம் சொன்னேன். நாற்பதும் ஒரே பந்தியில் காலி என்று முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். அவன் சொல்ல வேண்டிய இடம் அது. பக்கத்து இலையில் அவனுடைய தம்பி மகன் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

என்னவோ தோன்றி, ஆர்டர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பந்தி முழுக்கச் சிரிப்பு. அய்யாவுக்கு இந்த வயசிலும் தமாஷ் போகவில்லை என்றான் ஒருத்தன். நிஜமாகத்தான் சொல்கிறேன், ஒரு பெட்டிகூடப் போகவில்லை என்றேன். இன்னும் சிரித்தார்கள். தங்கச்சி மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஏண்ணே, அப்படி இருந்தா அவரு எங்கிட்டயாவது சொல்லியிருக்க மாட்டாரா?" என்றாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள்.

பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். இனி நான் பொய் சொன்னாலும் நிஜம் சொன்னாலும் இந்த ஊருக்கு ஒன்றுதான்.

திரும்பி வரும்போது வேறு கார், வேறு ஆள். அவனும் வழி கேட்கவில்லை. மடியில் டப்பா காலி. இந்த முறையும் நாற்பதும் ஒரே பந்தியில் போய்விட்டது. பார்த்தேன் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.